180 வெள்ளிக்கு மரம் ஏற முடியாது: குத்தகையாளர் அண்ணன்மார்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் மரப் பராமரிப்புக் குத்தகை எடுக்கும் அண்ணன்மார்களுக்கும், அவர்களுக்கு வேலை கொடுக்கும் காண்டோ நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

மரத்தில் ஏறிக் கிளை வெட்டும் ஆட்களான எங்கள் கிளைம்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் சில வாரங்களாக இதே பேச்சுதான். எங்கள் நாள் கூலி 250 வெள்ளி (ரிங்கிட்). "மார்க்கெட் சரியில்லை தம்பி, இனிமேல் நாளுக்கு 180 வெள்ளிதான். மற்றவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்" என்று ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த மற்றவர்கள் யார் என்று விசாரித்தால், அவர்களிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறீர்கள். இன்னும் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. தனித்தனியாகப் பேசினால் இப்படித்தான் ஆகும் என்பதால் எல்லாரும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். யார் பெயரையும் இழுக்கப் போவதில்லை. சண்டைக்கும் வரவில்லை, பேரம் பேச வந்திருக்கிறேன்.

காலம் கெட்டிருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. கட்டடம் எழுப்புகிறவர்கள் செலவைச் சுருக்க நினைத்தால் முதலில் கை வைப்பது லேண்ட்ஸ்கேப்பில்தான். பழைய காண்டோ அடுக்குமாடிகளில் மெயின்டனன்ஸ் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. ஜேஎம்பி, அதாவது காண்டோவின் கூட்டு நிர்வாகக் குழு, கூட்டத்தில் லிஃப்ட் ரிப்பேரா, மரம் கழிப்பதா என்று கேட்டால் லிஃப்ட்தான் ஜெயிக்கும். 2024 ஜூன் 10ஆம் தேதி பம்ப்பில் டீசல் ஒரே இரவில் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியபோது உங்கள் லோரிக் கணக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். குறைந்தபட்சச் சம்பளமும் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி ஆகிவிட்டது. செய்த வேலைக்குப் பில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு முதலாளி கிளைகளைத் தூளாக்கும் சிப்பர் இயந்திரத்தையே விற்றுவிட்டார். இதெல்லாம் நிஜம்தான்.

ஆனால் சேமிப்பதற்காக நீங்கள் கை வைக்கும் இடம்தான் எனக்கு விளங்கவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காண்டோ கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்றை முழுதாக இறக்க 6,000 வெள்ளி கோட்டேஷன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிளைம்பர், இரண்டு நாள் வேலை. ஆளுக்கு நாளுக்கு 250 என்றால் மொத்தம் 1,000 வெள்ளி. மிச்சமெல்லாம் கிரேன், லோரி, குப்பை கொட்டும் கட்டணம், கீழே நிற்கும் ஆட்கள், எண்ணெய், உங்கள் லாபம். இப்போது எங்களை 180க்கு இறக்கினால் உங்களுக்கு மிஞ்சுவது 280 வெள்ளி. 6,000 வெள்ளியில் அது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. கிரேன் அரை நாள் சும்மா நின்றால் அதைவிடக் கூடப் போய்விடும். லோரி பாதி லோடோடு கொட்டுமிடத்துக்கு ஒரு நடை அதிகம் போனாலும் போய்விடும். கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் ஆராயார் என்று என் பாட்டி சொல்வார்.

அனுபவமுள்ள கிளைம்பர் அந்த நடைகளைத்தான் மிச்சப்படுத்துகிறான். எந்தக் கிளையை எந்த வரிசையில் இறக்குவது, எவ்வளவு நீளத்தில் துண்டு போட்டால் லோரியில் அடுக்க வசதி, கிரேனை எத்தனை மணிக்கு வரச் சொன்னால் வந்ததும் வேலை ஓடும், இதெல்லாம் மரத்தடியில் நின்று ஒரு சிகரெட் நேரம் மேலே பார்ப்பவனுக்குத் தெரியும். நான் சிகரெட் பிடிப்பதில்லை, ஆனாலும் அவ்வளவு நேரம் பார்ப்பேன். அப்போது "என்ன தம்பி, ஏறாமல் வேடிக்கை பார்க்கிறாய்?" என்று கேட்கிற முதலாளிகளும் இருக்கிறார்கள். அந்த வேடிக்கைக்கும் சேர்த்துத்தான் 250.

ஒரு அங்சானா மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சாலையோரங்களில் நிறைய நிற்பது அதுதான். வெளியே பார்த்தால் பச்சைப் பசேலென்று இருக்கும். நான் முதலில் அடிமரத்தைச் சுற்றி வந்து மரச் சுத்தியலால் தட்டுவேன். கெட்டியாக "டொக்" என்று வந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் ஓசை உள்வாங்கினால் அங்கே பொந்து இருக்கிறது. வேருக்குப் பக்கத்தில் தட்டுத் தட்டாகக் காளான் பிடித்திருந்தால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மரத்தில் கயிறு போடுவதற்கே யோசிக்க வேண்டும், ஏறுவது அப்புறம். தூங்குமூஞ்சி மரமென்றால் கிளைக்குக் கிளை பறவைக்கூட்டுப் பெரணி உட்கார்ந்திருக்கும். முதல் நாள் மழை பெய்திருந்தால் ஊறிப்போய் ஒவ்வொன்றும் கனத்துக் கிடக்கும். அந்தக் கனத்தைக் கணக்கில் சேர்க்காமல் கிளையின் நுனிக்குப் போகக்கூடாது. இலைக்கு நடுவில் கெரெங்கா எறும்புக் கூடு இருந்தால் கடித்துக் குதறும், அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தெபுவான் குளவிக் கூடு என்றால் அன்றைக்கு வேலை இல்லை, இறங்கிவிட வேண்டியதுதான்.

வெட்டுவதிலும் அப்படித்தான். பெரிய கிளையென்றால் முதலில் அடிப்பக்கத்தில் ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இன்னொரு வெட்டு. கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். மிஞ்சிய கட்டையைக் கடைசியில் எடுக்க வேண்டும். கிளை தண்டோடு சேருமிடத்தில் வளையம்போல் தடித்திருக்கும் சதையைத் தொடாமல், அதற்கு வெளியே எடுக்க வேண்டும். அந்தச் சதைதான் காயத்தை மூடும். அங்சானாவில் வெட்டின இடத்தில் சிவப்பாக நீர் வடியும். ஒழுங்காக வெட்டிய இடத்தில் சில மாதம் கழித்துப் பார்த்தால் ஓரத்திலிருந்து புதுப்பட்டை சுருண்டு உள்ளே வருவது தெரியும். நாளுக்கு 120 கொடுத்து ஆள் பிடித்தால் இந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. அவர் மொத்தமாக மரத்தின் தலையைக் கொய்துவிட்டு இறங்குவார். பார்க்கிறவர்களுக்கும் "நல்லா குறைச்சிட்டாங்க" என்று திருப்தி. கொஞ்ச நாளில் வெட்டின இடத்திலிருந்து துடைப்பக்குச்சி மாதிரி தளிர்கள் கிளம்பும். அவை உள்மரத்திலிருந்து வருவதில்லை, பட்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. கனமாக ஆன பிறகு ஒரு காற்றடித்தால் பிய்த்துக்கொண்டு வரும். வெட்டின காயம் வழியாக அழுகலும் உள்ளே இறங்கியிருக்கும். இரண்டாம் தடவை உங்களைத்தான் கூப்பிடுவார்கள் என்று சந்தோஷப்படும் முதலாளி யாராவது இருந்தால் அவருக்கு இந்த மடல் இல்லை.

2024 மே 7ஆம் தேதி ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒருவர் காருக்குள்ளேயே இறந்துபோனார், 17 வாகனங்கள் நசுங்கின, மோனோரயில் தடத்திலும் விழுந்து ரயில் ஓட்டமே நின்றது. அதற்குப் பிறகு என் டெலிபோன் ஓயவில்லை. எல்லா ஜேஎம்பிக்கும் உடனே மரத்தைப் பார்க்க ஆள் வேண்டும், யார் ஏறுகிறார், எவ்வளவு அனுபவம் என்று கேட்டார்கள். இப்போது அதே ஆட்கள் மூன்று கோட்டேஷன் வாங்கி, கீழேயுள்ள தொகையை மட்டும் பார்த்துக் குறைந்ததை எடுக்கிறார்கள். மரத்துக்கு என்னமோ மார்க்கெட் நிலவரம் தெரிகிற மாதிரி.

"180 என்றாலும் குறைந்தபட்சச் சம்பளத்தைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, அதற்கும் குறை சொல்கிறாயே" என்று ஒரு அண்ணன் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி, பதில் சொல்லத்தான் வேண்டும். 1,700ஐ 26ஆல் வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. ஆனால் அந்த 65 வெள்ளிக்காரருக்கு மாதம் முழுக்க வேலை உண்டு. வருஷத்துக்கு 11 பொது விடுமுறை சம்பளத்தோடு, முதல் வருஷத்திலேயே 14 நாள் மருத்துவ விடுப்பு, முதலாளி கட்டும் 13 விழுக்காடு ஊழியர் சேமநிதி, வேலை விபத்துக்குக் கைகொடுக்கும் சொக்சோ காப்புறுதி எல்லாம் உண்டு. நமக்கு? மழை பெய்தால் வேலை இல்லை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பாருங்கள், மத்தியானம் வானம் கறுத்துவிட்டால் செயின்சாவை உறையில் போட்டுவிட்டு லோரிக்குள் உட்கார வேண்டியதுதான். இடி மின்னலில் எவனும் மரத்தில் இருக்க முடியாது. மாதத்தில் 15 நாள் வேலை கிடைத்தால் நல்ல மாதம். 15 நாளுக்கு 180 என்றால் 2,700. அதில் கயிறு, ஹார்னஸ், ரம்பம், செயின், எல்லாம் எங்கள் காசு. ஏறும் கயிற்றில் ஒரு புரி அறுந்தாலும் தூக்கிப் போட வேண்டும், இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம் என்று நினைக்கக் கூடாது. அதே 2,700ஐ மாதச் சம்பளமாகக் கொடுத்திருந்தால் சேமநிதிக்கு மட்டும் நீங்கள் மாதம் 350 வெள்ளி சொச்சம் கட்ட வேண்டியிருக்கும். நீங்கள் கட்டாத அந்தக் காசும், வேலை இல்லாத மழை நாளும், சம்பளம் இல்லாத காய்ச்சல் நாளும் எல்லாம் சேர்ந்துதான் 250.

மழை நாள் என்றதும் எங்கள் அப்பா காலத்துப் பேச்சு ஞாபகம் வருகிறது. அவர் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். மழை பெய்தால் பால் இல்லை, பால் இல்லையென்றால் கூலி இல்லை. மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் எத்தனை வருஷம் கேட்டார்கள் என்று உங்களில் பலருக்கும் வீட்டில் சொல்லியிருப்பார்கள். நம்மில் பாதிப் பேர் அந்த லயத்து வீடுகளிலிருந்து வந்தவர்கள்தானே. அன்றைக்குத் துரை செய்ததை இன்றைக்கு நாம் ஒருவருக்கொருவர் செய்துகொண்டால் எப்படி?

அந்தச் சரித்திரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 1930களில் ரப்பர் விலை விழுந்தபோது தோட்டக் கூலியை வெட்டினார்கள். சரி, விலை விழுந்தது, வெட்டினார்கள். ஆனால் பின்னால் யுத்தத் தேவையில் ரப்பர் விலை ஏறிய பிறகும் கூலி அதற்குத் தக்கபடி ஏறவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் வெடித்ததற்கு அது பெரிய காரணம். ராணுவம் வந்து சுட்டு, ஆட்கள் செத்தார்கள். நம் விஷயம் அவ்வளவு பெரிதல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் நோய் ஒன்றுதான்: இறக்கும்போது "தற்காலிகம்" என்பார்கள், ஏற்றும் நாளை யாரும் குறிப்பதில்லை.

எனக்கே நடந்திருக்கிறது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, பிறகு மெல்லத் திறந்துவிட்டார்கள் அல்லவா, அப்போது நான் ஒரு குத்தகையாளரிடம் இருந்தேன். யாரென்று சொல்லத் தேவையில்லை. "மூன்று மாதம் மட்டும் பொறுத்துக்கோ" என்று ரேட்டைக் குறைத்தார். எல்லாருக்கும் கஷ்டம், நானும் சரி என்றேன். மூன்று மாதம் ஆறாகி, ஆறு மாதம் வருஷமானது. வேலை பழையபடி வந்தது, புது லோரிகூட வந்தது, ரேட் மட்டும் அங்கேயே நின்றது. கேட்டால், "இப்போது இதுதானப்பா ரேட்" என்றார். எழுத்தில் எதுவும் இல்லை.

அதனால் என் முதல் நிபந்தனை இதுதான். குறைக்க வேண்டுமா, குறையுங்கள். அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், முடியும் தேதியையும் போடுங்கள். அந்தத் தேதிக்கு மேல் பேசாமல் விட்டால் பழைய ரேட் தானாகவே திரும்பும் என்று ஒரு வரி சேருங்கள். ஒரு பக்கம் போதும், வக்கீல் வேண்டாம்.

இரண்டாவது, ரேட்டைக் குறைப்பதானால் வேலை நாள்களைக் கூட்டுங்கள். மாதத்துக்கு 20 நாள் நிச்சயம், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சம்பளம் என்று சொன்னால், நான் 250ஐ 210க்கு இறக்கத் தயார். மாதம் 4,200. அதற்குச் சேமநிதியும் சொக்சோவும் கட்டுங்கள். வேலையில்லாத நாளில் சும்மா இருக்க மாட்டேன். உங்கள் வாடிக்கையாளர்களின் மரங்களை நடந்து பார்த்து எதற்கு உடனே வேலை செய்ய வேண்டும், எது அடுத்த வருஷம் வரை தாங்கும் என்று எழுதிக் கொடுப்பேன். அதை வைத்து நீங்கள் புது வேலை பிடிக்கலாம். நாள் உறுதி இல்லை, நாளைக்கு வா, நாளன்றைக்கு வேண்டாம் என்பதுதான் ஏற்பாடு என்றால் 250இல் ஒரு காசு குறையாது. காலையில் சைட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு மழை பிடித்தால் அரை நாள் கூலி. புயலில் மரம் விழுந்து ராத்திரி கூப்பிட்டால் அது தனிக் கணக்கு. இருட்டில், ஈரத்தில், தெறிக்கக் காத்திருக்கும் கிளைக்கு நடுவில் நிற்பதற்குப் பகல் ரேட் பேசாதீர்கள்.

கட்டுப்படியாகவில்லையென்றால் வேலையைச் சுருக்குங்கள். இதை ஜேஎம்பிக்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பத்து மரத்தையும் மலிவாக மொட்டையடிப்பதைவிட, ஆபத்தான இரண்டு மரத்துக்கு இந்த வருஷம் முறையாக வேலை செய்துவிட்டு, மற்றவற்றில் காய்ந்த கிளையை மட்டும் எடுத்துவிடலாம். பட்ஜெட்டும் அடங்கும், மரமும் நிற்கும், பிள்ளைகள் கீழே விளையாடவும் செய்யலாம். கோட்டேஷன் கேட்கும்போது ஏறப்போகிறவர் யார், அவர் பெயரில் சொக்சோ இருக்கிறதா என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். அடிமட்ட விலைக்காரர்கள் பாதிப் பேர் அங்கேயே கழன்றுவிடுவார்கள்.

சொக்சோ என்றதும், "நீ என் ஊழியர் இல்லை, சப்-கோன்", அதாவது துணைக் குத்தகையாளர், என்பீர்கள். நீங்கள் சொல்லும் நேரத்துக்கு வருகிறேன், நீங்கள் காட்டும் மரத்தில் ஏறுகிறேன், உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு உங்கள் லோரியில் போகிறேன். 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தில் 101சி என்று ஒரு பிரிவு சேர்ந்திருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதபோது, வேலை செய்யும் விதத்தையும் நேரத்தையும் முதலாளியே முடிவு செய்தால், அந்த ஆள் ஊழியர் என்றே கொள்ளலாம் என்கிறது. சப்-கோன் என்று வாயால் சொன்னால் மட்டும் ஆகிவிடாது. 2024 ஜூன் 1 முதல் வேலையிடப் பாதுகாப்புச் சட்டமும் இறுகிவிட்டது. முதலாளி கடமை தவறினால் அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை போகும், வேலையைக் குத்தகைக்கு விட்டவருக்கும் அதில் பொறுப்பு உண்டு. உடனடி ஆபத்து என்று சொல்லியும் முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால் இறங்கிப் போகும் உரிமையும் எங்களுக்கு அதில் இருக்கிறது. மாதாமாதம் கட்டும் சிறிய சொக்சோ தொகையை மிச்சம் பிடிக்கப் போய் இவ்வளவு பெரிய தொகையை ஏன் தலையில் சுமக்கிறீர்கள்?

அப்புறம் ஒரு விஷயம். "நீ வரவில்லையென்றால் வெளிநாட்டு ஆள் பாதி விலைக்கு வருவான்" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அவர்களில் என்னைவிட அருமையாக ஏறுகிறவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். 2019 முதல் சொக்சோவின் வேலை விபத்துக் காப்புறுதி அவர்களுக்கும் உண்டு, குறைந்தபட்சச் சம்பளமும் உண்டு. பாதி விலைக்கு வருகிறான் என்றால் அவனுக்குச் சேர வேண்டியதில் பாதியை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: பழகும் காலத்தில் 120 வெள்ளிக்குத் தரையில் நின்று கயிறு பிடியுங்கள், தப்பில்லை. அதே 120 வெள்ளிக்கு மரத்தில் ஏறாதீர்கள் தம்பிகளா. உங்களுக்கும் நல்லதில்லை, எங்களுக்கும் நல்லதில்லை.

மாதம் முடிந்து ஏழாம் தேதிக்குள் சம்பளம் என்பது சட்டம். வாடிக்கையாளர் இன்னும் பில் கட்டவில்லை என்பது உங்களுக்கும் அவருக்கும் உள்ள பேச்சு. அதில் ஒரு மாதம் தள்ளிப்போகும் என்று முன்கூட்டியே சொன்னால் நான் பொறுத்துக்கொள்வேன். சொல்லாமல் போனை எடுக்காமல் இருப்பதைத்தான் பொறுக்க முடியாது.

180க்கு நான் வரவில்லை. 210க்கு வருவேன், மேலே சொன்ன ஏற்பாட்டோடு. அடுத்த கோட்டேஷன் போடுவதற்கு முன்னால் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் எந்தக் கடையிலாவது உட்காரலாம், தே தாரிக் டீ என் செலவு. நீங்கள் உங்கள் கோட்டேஷன் காகிதத்தைக் கொண்டு வாருங்கள், நான் வேலை செய்த நாள்களை எழுதி வைத்திருக்கும் நோட்டைக் கொண்டு வருகிறேன். மற்ற கிளைம்பர்களும் இரண்டு மூன்று பேர் வருவார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து ஒரு கிளைம்பர்